கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பியா? 41 சென்டிமார்கனை வைத்து என்ன சொல்லலாம்?

வேர்தேடி கேட்கிறார்:

என் அப்பாவின் தாத்தாவும் இன்னொரு குடும்பத்தின் கொள்ளுத்தாத்தாவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி என்று இரண்டு வீட்டிலும் சொல்கிறார்கள். எழுத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் குடும்பத்தில் என் தலைமுறையைச் சேர்ந்த ஒருவரும் நானும் ஒரே நிறுவனத்தில் டிஎன்ஏ பரிசோதனை செய்தோம். இருவரும் ஆண்கள், இருவருக்கும் மகன் வழியாகவே வரும் வம்சம். முடிவு: இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ மொத்தம் 41 சென்டிமார்கன் (டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தை அளக்கும் அலகு), நான்கு துண்டுகள் (14, 10, 9, 8).

இது மூன்றுவிட்ட உறவுக்கு, அதாவது கொள்ளுத்தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு, போதுமா? அடுத்து யாரைப் பரிசோதிக்கலாம்? என் அப்பா, அம்மா இருவரும் இருக்கிறார்கள். அங்கே அவருடைய அப்பா இல்லை, அப்பாவின் அக்கா இருக்கிறார். ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: என் அம்மா வழியும் அதே வட்டத்துக்குள்தான். பல தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் நடந்திருக்கிறது.

மரபுக்கணக்கு:

நீங்கள் கடைசியில் சொன்னதுதான் இதில் முக்கியமான தகவல். அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

மூன்றுவிட்ட உறவுக்குச் சராசரி 73 சென்டிமார்கன். ஆனால் வீச்சு 0 முதல் 234 வரை. நான்குவிட்ட உறவுக்குச் சராசரி 35, வீச்சு 0 முதல் 139 வரை. ஆக உங்கள் 41 இரண்டிலும் பொருந்தும், இன்னும் தள்ளிய உறவிலும் பொருந்தும். உண்மையான மூன்றுவிட்ட ஜோடிகளிலேயே பத்தில் ஒன்றுக்குப் பொதுத் துண்டு ஒன்றுகூட இருக்காது. பூஜ்யம் வந்திருந்தாலும் கதை பொய் என்று சொல்லியிருக்க முடியாது.

இப்போது துண்டுகளைப் பாருங்கள். 7 சென்டிமார்கனுக்குக் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி தற்செயல் பொருத்தம். 8, 9 வரை அந்தச் சந்தேகம் தொடரும். 15ஐத் தாண்டினால்தான் நிம்மதி. சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பத்துத் தலைமுறைக்கு முந்தைய முன்னோரின் சின்னச் சின்னத் துண்டுகள் எல்லோரிடமும் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டினால் மொத்தம் பெரிதாகத் தெரியும், தனித்தனித் துண்டோ சிறியதாகவே இருக்கும். உங்கள் நான்கும் அந்த ரகமாக இருக்க வாய்ப்புண்டு.

அடுத்த படி, உங்கள் அப்பாவையும் அந்தக் குடும்பத்தில் உங்களோடு பரிசோதனை செய்தவரின் அத்தையையும் ஒப்பிடுவது. இருவரும் அந்த அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகள், கதை உண்மையானால் இரண்டுவிட்ட உறவு. அதற்குச் சராசரி 229, வீச்சு 41 முதல் 592 வரை. உண்மையான இரண்டுவிட்ட உறவில் பூஜ்யம் வந்ததாகத் தெரியவில்லை. அதனால் இந்த ஜோடியில் "இல்லை" என்ற பதிலுக்கும் மதிப்புண்டு. ஒரு தலைமுறை மேலே ஏறினாலே இவ்வளவு தெளிவு கிடைக்கிறது. பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பரிசோதிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கூடவே உங்கள் அம்மாவையும் பரிசோதியுங்கள். இந்தக் கதையில் அம்மாவுக்குப் பங்கில்லை, அதனாலேயே அவர் நல்ல அளவுகோல். அம்மாவுக்கும் அந்த அத்தைக்கும் 40 வந்து, அப்பாவுக்கும் அத்தைக்கும் 60 வந்தால், அந்த 60இல் பெரும்பகுதி வட்டத்துக்குள் பொதுவாகப் புழங்குவது. அப்பா–அத்தைக்கு 180 வந்து, அதில் 40 சென்டிமார்கனில் ஒற்றைத் துண்டும் இருந்தால் வேறு கதை.

பெற்றோர் இருவரின் முடிவும் வந்ததும் உங்கள் நான்கு துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அப்பாவிடம் இருந்தால் கணக்கில் வரும். அம்மாவிடம் மட்டும் இருந்தால் இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லை. இருவரிடமும் இல்லையென்றால் அது அப்பா, அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்த இரண்டு பிரதிகளும் கலந்து உருவான போலித் துண்டு, அடித்துவிடுங்கள்.

ஒய்வழி:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இரண்டு பக்கமும் ஆண்வழி என்பதால் ஒய் டிஎன்ஏவை விட்டுவிடாதீர்கள். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ அப்படியே போகும், தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகாது. நீங்களும் அவரும் 37 குறியீட்டுப் பரிசோதனை (ஒய் குரோமோசோமில் 37 இடங்களை ஒப்பிடுவது) செய்தால் போதும், அப்பாவுக்குத் தனியாகத் தேவையில்லை. 37இல் ஒன்றிரண்டு மட்டும் மாறியிருந்தால் ஒரே ஆண்வழி. பாதிக்கு மேல் மாறியிருந்தால் அந்த வழியில் உறவே இல்லை, அல்லது நடுவில் எங்கோ தத்து போன்ற ஒரு விஷயம் நடந்திருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். 37உம் பொருந்தினாலும் "அண்ணன் தம்பி" என்று ஆகிவிடாது. பங்காளி என்பது மட்டும் உறுதி. பொது முன்னோர் நான்கு தலைமுறைக்கு முன்பா, எட்டுத் தலைமுறைக்கு முன்பா என்று ஒய் பிரித்துச் சொல்லாது. அதற்கு அப்பா–அத்தை எண்தான் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விடை.

எக்ஸ் குரோமோசோமில் உங்களுக்கும் அவருக்கும் பொருத்தம் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஆணுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும், ஆகவே அது உறுதியாக வேறு வழி. மைட்டோகாண்ட்ரியாப் பரிசோதனை தாய்வழியை மட்டுமே காட்டும், அதற்கு இங்கே வேலையே இல்லை.

வேர்தேடி:

நன்றி. அம்மாவை அளவுகோலாக வைக்கலாம் என்பது தோன்றவே இல்லை. அத்தைக்கு 80 வயது தாண்டிவிட்டது, வாய் வறட்சி உண்டு. எச்சில் போதுமா? அவர் வேறு நிறுவனத்தில் செய்தால் ஒப்பிட முடியுமா?

கிளைநூல்:

அந்த வயதுக்கு எச்சில் குழாயைவிட, கன்னத்தின் உட்புறத்தில் தேய்க்கும் பஞ்சுக்குச்சி முறை உள்ள நிறுவனம் நல்லது. எச்சில்தான் என்றால், முதலில் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். பிறகு கன்னத்தை வெளிப்பக்கமிருந்து மெதுவாக நீவிவிட்டால் எச்சில் ஊறும். குழாயில் கோடு வரை நிரம்ப வேண்டியது திரவம், நுரை இல்லை. பல மாதிரிகள் தோற்பது இங்கேதான்: நுரையோடு கோட்டைத் தொட்டதும் மூடிவிடுகிறார்கள், உள்ளே பாதி அளவே இருக்கும். மூடியில் உள்ள காப்புத் திரவம் முழுதும் இறங்கியதைப் பார்த்துவிட்டுக் குலுக்குங்கள்.

வேறு நிறுவனம் என்றால் இரண்டு பேரின் மூலக் கோப்பையும் (நிறுவனத்திலிருந்து பதிவிறக்கும் டிஎன்ஏ தரவு) ஜெட்மேட்ச் என்ற ஒப்பீட்டுத் தளத்தில் ஏற்றி ஒப்பிடலாம். ஆன்செஸ்ட்ரி என்ற பரிசோதனை நிறுவனம் வெளிக் கோப்பை ஏற்காது, துண்டுகளின் இடத்தையும் காட்டாது. பதிவிறக்கிய ஜிப் கோப்பைப் பிரித்து, விரிதாளில் திறந்து சேமித்துவிடாதீர்கள். ஆறேழு லட்சம் வரிகளின் வடிவம் குலைந்து பதிவேற்றம் தோற்றுப்போகும். வந்தபடியே ஏற்றுங்கள். காவல்துறைத் தேடலில் சேர்வதா என்ற கேள்வி ஏற்றும்போது வரும். அதை அத்தையிடம் கேட்டுவிட்டு அழுத்துங்கள், அது அவருடைய டிஎன்ஏ.

அவரிடம் இன்னொன்றும் முன்கூட்டியே பேசுங்கள். தேடிய விடையோடு தேடாத விடையும் வரலாம், தகப்பன் என்று நினைத்தவர் தகப்பன் இல்லை என்பது உட்பட. எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டாம் என்பதை மாதிரி எடுக்கும் முன்பே அவர் முடிவு செய்யட்டும்.

வேர்தேடி:

சரி. அப்பா–அத்தை ஜோடிக்கு 110 என்று வந்தால் எப்படி எடுத்துக்கொள்வது?

மரபுக்கணக்கு:

110 சங்கடமான எண். முழு அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகளுக்கும் வரும். அந்த அண்ணன் தம்பிக்கு ஒரே அப்பா, வேறு அம்மா என்றால் எதிர்பார்ப்பே ஏறத்தாழ 115தான், அதற்கும் பொருந்தும். ஒரு ஜோடியை வைத்துப் பிரிக்க முடியாது. அப்பாவுக்கு அண்ணன் தங்கை இருந்தால் அவர்களையும் அத்தையோடு ஒப்பிடுங்கள். ஒரே தாத்தாவிடமிருந்து ஒவ்வொருவரும் வெவ்வேறு துண்டுகளைப் பெற்றிருப்பார்கள். மூன்று பேருக்கு 110, 240, 205 என்று வந்தால் முழுச் சகோதரர்கள் பக்கம் சாயலாம். 110, 90, 130 என்று நின்றால் தாய் வேறாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அம்மா–அத்தை அளவை மனத்தில் கழித்துப் பார்த்த பிறகே இதைச் சொல்லுங்கள்.