ஸ்கேன் செய்த வழக்குக் கோவைகள் தேடினால் வருவதில்லை: உதவி தேவை

கேட்டவர்: புதுக்கடை ஜூனியர்

வணக்கம். கொழும்பு புதுக்கடையில் ஒரு சீனியர் சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பெரும்பாலும் குடியியல் வழக்குகள்தான். மாவட்ட நீதிமன்றத்தில் காணி, பாகப்பிரிவினை, பணம் அறவிடல். அதோடு வர்த்தக மேல் நீதிமன்ற வழக்குகளும் கொஞ்சம் உண்டு. அலுமாரிகளில் இடமில்லாததால் நடப்புக் கோவைகளை ஸ்கேன் செய்து, ஆவணங்களைச் சேமித்துத் தேடித் தரும் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் மென்பொருளில் போடத் தொடங்கினோம். அலுவலகக் கொம்பியூட்டர் ஒன்றில் டாக்கர் (மென்பொருளைத் தனிக் கொள்கலனில் ஓட்டும் கருவி) மூலம் ஓடுகிறது, வெளியே எதுவும் போவதில்லை.

ஆங்கிலக் கடிதங்களைத் தேடினால் உடனே வருகின்றன. சிங்கள நீதிமன்றக் கட்டளையையோ தமிழ்ச் சத்தியக் கடதாசியையோ தேடினால் ஒன்றும் வருவதில்லை. ஆவணத்தைத் திறந்து எழுத்துப் பகுதியைப் பார்த்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. இன்னொரு பிரச்சினை, ஒரே வழக்கு சில இடங்களில் நீதிமன்ற இலக்கத்திலும் சில இடங்களில் கட்சிக்காரர் பெயரிலும் பதிவாகியிருக்கிறது. மேன்முறையீடு போனவற்றுக்கு இலக்கமும் மாறிவிட்டது. சீனியர் தவணைக்குப் போகும் நேரத்தில் கேட்டால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. எங்கிருந்து சரிசெய்வது?

பதில்: வெள்ளவத்தை, கணினிப் பராமரிப்பு

தங்கச்சி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, அமைப்புக் கோப்பில் ஓசிஆர் (படத்திலிருக்கும் எழுத்தை வாசித்தல்) மொழி என்று இரண்டு வரிகள் இருக்கும், ஆங்கிலப் பெயரில் ஒன்று ஒருமை, மற்றது பன்மை. எதில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? இரண்டு, ஸ்கேனரோடு வந்த மென்பொருளில் ‘தேடக்கூடிய பிடிஎப்’ என்ற தெரிவு போட்டிருக்கிறதா? மூன்று, தமிழ்ச் சத்தியக் கடதாசிகள் ஸ்கேன் செய்தவையா, வேர்ட்டிலிருந்து நேராக பிடிஎப் ஆக்கியவையா?

கேட்டவர்:

அண்ணா, பன்மை வரியில் சிங்களமும் தமிழும் போட்டிருக்கிறது. ஒருமை வரி இல்லவே இல்லை. ஸ்கேனரில் அந்தத் தெரிவு போட்டிருக்கிறது. சத்தியக் கடதாசிகளில் பாதி ஸ்கேன் செய்தவை. மற்றப் பாதி தட்டெழுதுபவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து பிடிஎப் ஆக்கி அனுப்பியவை.

பதில்: வெள்ளவத்தை, கணினிப் பராமரிப்பு

அப்படியென்றால் காரணம் மூன்று. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

பன்மை வரி செய்வது மொழிப் பொதியை இறக்கி நிறுவுவது மட்டும்தான். வாசிக்கும்போது எந்த மொழிகளைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்வது ஒருமை வரி. அது இல்லாவிட்டால் மென்பொருள் எல்லாவற்றையும் ஆங்கிலமாகவே வாசிக்கும். சிங்கள எழுத்தை ஆங்கிலமாக வாசித்ததால்தான் அந்தக் குப்பை வந்தது. பன்மை வரியில் மொழிக் குறிகளை இடைவெளி விட்டு எழுத வேண்டும். ஒருமை வரியில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றின் மூன்றெழுத்துக் குறிகளையும் கூட்டல் குறியால் சேர்த்து எழுத வேண்டும். எழுதியபின் கொள்கலனைப் புதிதாக எழுப்புங்கள், சும்மா ரீஸ்டார்ட் கொடுத்தால் புது அமைப்பை எடுக்காது. மூன்று மொழி போட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது ஸ்கேனர். ‘தேடக்கூடிய பிடிஎப்’ போட்டால் ஸ்கேனர் மென்பொருள் தானே வாசித்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் படலம் ஒன்றைப் பக்கத்தின் மேல் வைத்துவிடும். பேப்பர்லெஸ் வழக்கமாக எழுத்து ஏற்கனவே இருக்கும் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடும், இதுதான் ‘ஸ்கிப்’ முறை. அதனால் நீங்கள் மொழியைச் சரியாக வைத்தாலும் ஸ்கேனரின் பிழையான வாசிப்பே நிலைக்கும். அந்தத் தெரிவை எடுத்துவிடுங்கள். ஏற்கனவே ஏற்றியவற்றுக்கு ஓசிஆர் முறையை ‘ரீடூ’ என்று மாற்றி, அந்த ஆவணங்களைத் தெரிவு செய்து, மறுசெயலாக்கம் கொடுங்கள்.

பாமினிக்கு ‘ரீடூ’ உதவாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். யூனிகோட் தமிழில் தேடினால் அது எப்படி அகப்படும்? சிங்களத்தில் எப்எம் அபய எழுத்துருவில் அடித்தவற்றுக்கும் இதே நிலைதான். ‘ரீடூ’ மறைவான படலத்தை மட்டுமே மாற்றும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை விட்டுவிடும். இவற்றுக்கு ‘போர்ஸ்’ முறை வேண்டும். அது பக்கத்தைப் படமாக்கி முதலிலிருந்து வாசிக்கும். மென்பொருள் உருவாக்கும் பிரதியின் அளவு கொஞ்சம் கூடும், ஆனால் நீங்கள் ஏற்றிய மூலக் கோப்பு அப்படியே தனியாக இருக்கும், பயமில்லை. பாமினிக் கோப்புகளை மட்டும் பிரித்து இதைச் செய்யுங்கள். முடிந்ததும் முறையைப் பழையபடி ‘ஸ்கிப்’புக்கு மாற்றிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன் ஒரே ஒரு ஆவணத்தில் செய்து பாருங்கள்.

கையெழுத்தில் இருக்கும் நீதிமன்ற நாட்குறிப்பை இந்த வழிகள் எதுவும் வாசிக்காது. அதில் ‘இன்ன திகதி, இன்ன கட்டளை’ என்று ஒரு வரியை நீங்களே குறிப்புப் பகுதியில் அடிக்க வேண்டும். அந்த ஒரு வரியைத் தேடலாம்.

அப்புறம் தாள் அளவு. ஏ4 என்று வைத்து நீளத் தாள்களை ஸ்கேன் செய்தால் அடிவரிகள் வெட்டுப்படும். பழைய காணி உறுதிப் பத்திரங்களில் கையொப்பமும் சாட்சியும் இருப்பது அங்கேதான். அளவை நீளத் தாளுக்கு மாற்றி, 300 டிபிஐயில் எடுங்கள்.

பதில்: கொட்டாஞ்சேனை, சட்டத்தரணியும் நொத்தாரிசும்

தங்கச்சி, தம்பி சொன்னதைச் செய்தால் தேடல் வேலை செய்யும். இலக்கக் குழப்பம் அதனால் தீராது, அதற்கு வேறு வழி இருக்கிறது.

கோவைக்கு அலுவலக இலக்கம் ஒன்று கொடுங்கள். கட்சிக்காரர் முதல் நாள் வந்து உட்காரும்போதே அது பிறக்க வேண்டும், உதாரணமாக 2025/041. வழக்குத் தாக்கல் செய்யாமல் கோரிக்கைக் கடிதத்தோடு முடிந்தாலும் அதே இலக்கம்தான். நீதிமன்ற இலக்கத்தை நம்பிக் கோவை கட்டினால் என்ன ஆகிறது பாருங்கள். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் பணவழக்கு டீஎம்ஆர் என்று தொடங்கும் இலக்கத்தில் இருக்கும். தீர்ப்புக்குப் பிறகு குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் போனால் அங்கே வேறு இலக்கம். அதன்பின் உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டால் இன்னொன்று, அனுமதி கிடைத்தால் மறுபடி ஒன்று. வர்த்தக மேல் நீதிமன்ற வழக்கோ மேன்முறையீட்டில் நேராக உயர் நீதிமன்றம் போகிறது. கட்சிக்காரர் ஒருவர், பிணக்கு ஒன்று, காகிதமும் ஒரே கட்டு. இலக்கம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. எனவே நீதிமன்ற இலக்கத்தைக் கோவையின் பெயராக வைக்காமல் அதைப் பற்றிய ஒரு விபரமாக வையுங்கள். பேப்பர்லெஸ்ஸில் கஸ்டம் பீல்ட் (நாமே சேர்க்கும் விபரக் கட்டம்) இருக்கிறதே, அதற்கு அதுவே சரியான இடம்.

ஒவ்வொரு கோவைக்கும் முதல் ஆவணமாக முகப்புத் தாள் ஒன்று அடித்து ஏற்றுங்கள். அதில் அலுவலக இலக்கம், எல்லா நீதிமன்ற இலக்கங்கள், இரு தரப்புப் பெயர்கள். பெயர்களை மூன்று மொழியிலும், ஆவணங்களில் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியெல்லாம் போடுங்கள். ஒரே ஆளின் பெயர் உறுதியில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் இருப்பது நம் ஊரில் புதிதல்ல. காணி வழக்கென்றால் உறுதி இலக்கம், திகதி, அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசு பெயர், காணியின் பெயர் எல்லாம் வேண்டும். இவற்றில் எதைத் தேடினாலும் முகப்புத் தாள் வரும். அதிலுள்ள அலுவலக இலக்கத்தை ஒவ்வொரு ஆவணத்திலும் பதிந்திருந்தால், அதைத் தேடி முழுக் கோவையையும் எடுக்கலாம். நான் வேறு எதை விட்டாலும் இந்தத் தாளை விடமாட்டேன்.

ஆவண வகைகளைக் குறைவாக வையுங்கள். வழக்குரைகள், சான்றாவணங்கள், கட்டளைகளும் நாட்குறிப்புகளும், கடிதங்கள், புரொக்சியும் (சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரம்) கட்டணமும், இவ்வளவு போதும். நிறைய டேக் போட்டால் இரண்டாம் மாதத்திலிருந்து ஒருவரும் ஒழுங்காகப் போடமாட்டார்கள். சான்றுக் குறி (பீ1, வீ1) தலைப்பில் வேண்டாம். வழக்குரையோடு இணைக்கும்போது ஒரு குறி இருக்கும், வழக்கு விளக்கத்தின்போது வேறு குறி விழலாம். அதற்கும் தனி பீல்ட் வையுங்கள். ஆவணத் திகதி என்ற இடத்தில் அந்த ஆவணத்தின் சொந்தத் திகதியையே போடுங்கள். 1987இல் எழுதிய உறுதிக்கு 1987தான். தாக்கல் செய்த நாள் இன்னொரு பீல்டில் இருக்கட்டும்.

கேட்டவர்:

மிக்க நன்றி அக்கா. அடுத்த தவணையையும் மேன்முறையீட்டுக் கெடுவையும் திகதி பீல்டில் போட்டால் டயரி இல்லாமல் சமாளிக்கலாமா?

பதில்: கொட்டாஞ்சேனை, சட்டத்தரணியும் நொத்தாரிசும்

வேண்டாம். பீல்டில் போடுங்கள், ஆனால் டயரி இருக்க வேண்டும். மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள், அதில் தீர்ப்பு வழங்கிய நாள், ஞாயிறு, பொது விடுமுறைகள் சேராது. மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்பிலிருந்து 60 நாள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம். போயா (பௌர்ணமி விடுமுறை) தினம் எங்கே விழுகிறது என்று இந்த மென்பொருள் பார்க்காது. திகதியை ஆள்தான் கணக்கிட வேண்டும், இன்னொரு ஆள் சரிபார்க்க வேண்டும்.

பதில்: மருதானை, முன்னாள் பதிவறை எழுதுவினைஞர்

மகள், ஸ்கேன் வந்ததும் காகிதத்தைத் தூக்கிப் போடலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னாவணத்தை ஏற்றாலும், மரண சாசனம், அற்றோணித் தத்துவம் (பவர் ஒப் அட்டோர்னி), காணி விற்பனை போன்றவற்றை விலக்கியிருக்கிறது. உறுதியின் மூலத்தைத் துளையிடாதீர்கள், கிளிப்பும் போடாதீர்கள். தனி உறையில் வைத்து, உறை எந்த அலுமாரியில் என்று முகப்புத் தாளில் எழுதுங்கள்.

பேப்பர்லெஸ்ஸில் ஆவணத்துக்குத் தொடர் இலக்கம் கொடுக்க இடம் உண்டு. அதே இலக்கத்தைக் காகிதத்தின் மூலையில் பென்சிலால் எழுதி வைத்தால் திரையில் கண்டதை அலுமாரியில் உடனே எடுக்கலாம். சீனியர் நொத்தாரிசும் என்றால் அவருடைய புரொட்டக்கோலை (அவர் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் தொகுப்பு) இந்தக் கோவைகளோடு கலக்க வேண்டாம். அதற்குச் சட்டப்படி வேறு கடமைகள் உண்டு. இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவதும் அதில் ஒன்று.

பதில்: வெள்ளவத்தை, கணினிப் பராமரிப்பு

பிரதி எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புறையை மட்டும் கொப்பி பண்ணினால் தரவுத்தளம் ஒழுங்காக வராது. அதனுடனேயே வரும் எக்ஸ்போர்ட்டர் கட்டளையைப் பயன்படுத்துங்கள், கோப்புகளும் விபரங்களும் சேர்ந்தே வரும். கடவுச்சொல்லால் பூட்டிய இரண்டு வெளி வட்டுகள் வேண்டும், அதில் ஒன்று அலுவலகத்துக்கு வெளியே. 2016 மே வெள்ளத்தில் களனி கரையோரம் எத்தனை வீட்டிலும் கடையிலும் தண்ணீர் ஏறியது என்று நமக்குத் தெரியும். 2022இல் 13 மணி நேர மின்வெட்டையும் பார்த்தோம், ஆகவே யூபிஎஸ் கட்டாயம்.

சேமிக்கும் பாதையை அலுவலக இலக்கம், ஆவண வகை, திகதி, தலைப்பு என்று அமையுங்கள். நாளை இந்த மென்பொருளை விட்டாலும் கோப்புறையைத் திறந்து எவரும் படிக்கலாம். ஆளாளுக்குத் தனிக் கணக்கும் கொடுங்கள். கட்சிக்காரர் சொன்னதைச் சட்டத்தரணி வெளியிடக் கூடாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொல்கிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளை எல்லாக் கோவையையும் பார்க்கத் தேவையில்லை.

கேட்டவர்:

ஒருமை வரியைப் போட்டுக் கொள்கலனை எழுப்பினேன். மறுசெயலாக்கம் செய்த சிங்களக் கட்டளை தேடலில் வருகிறது. பாமினிச் சத்தியக் கடதாசி ஒன்றை ‘போர்ஸ்’ முறையில் செய்து பார்த்தேன், அதுவும் வருகிறது, ஓரிரு எழுத்துதான் பிழை. முகப்புத் தாளின் மாதிரியைச் சீனியரிடம் காட்டினேன், நல்லது என்றார். கடைசியாக ஒன்று: முடிந்துபோன வழக்குகள் அலுமாரி நிறைய இருக்கின்றன. அவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டுமா?

பதில்: கொட்டாஞ்சேனை, சட்டத்தரணியும் நொத்தாரிசும்

முழுவதும் வேண்டாம், முதலில் நடப்பு வழக்குகளை ஸ்கேன் செய்து முடியுங்கள். பழையவற்றுக்கு முகப்புத் தாள், தீர்ப்பு, தீர்ப்பாணை, இணக்கப் பத்திரம், உறுதிகளின் பிரதி, இவை போதும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 337ஆம் பிரிவுப்படி தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்க 10 வருடம் இருக்கிறது. அதனால் அந்தக் காலத்துக்குள் இருக்கும் பணவழக்குகளை முதலில் எடுங்கள். பாகப்பிரிவினைக் கோவைகளைக் காலம் பார்க்காமல் வைத்திருங்கள், வாங்க வருபவரின் சட்டத்தரணி இறுதித் தீர்ப்பாணையும் வரைபடமும் கேட்டு எப்போதும் வருவார்.