பாய்க்கு மாறினேன், கழுத்து பிடித்துக்கொண்டது: எந்தத் தலையணை சரி?

வளவுவீட்டு மருமகள்:
சித்திரை பிறந்ததிலிருந்து கட்டிலை விட்டுவிட்டு வளவில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் கோரைப்பாய் விரித்துப் படுக்கிறேன். கல் சில்லென்று இருப்பதால் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடுகிறது. ஆனால் நான்கு நாளாகக் காலையில் கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுக்கிறது. நான் ஒருக்களித்துப் படுப்பவள். கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சுத் தலையணையைத்தான் 11 வருடமாக வைத்துக்கொள்கிறேன். கட்டிலில் படுத்தவரை இதே தலையணை ஒரு தொந்தரவும் செய்ததில்லை. வீட்டுக்காரர் மெமரி ஃபோம் என்கிற நுரைத் தலையணை வாங்கலாம் என்கிறார். மாமியார், பஞ்சை மாற்றித் தைத்தால் போதும் என்கிறார். இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளாமல் ஒரு வழி சொல்லுங்கள்.

கட்டைத்தலை:
மூன்றாவது வழி இருக்கிறது. தலையணையைத் தூக்கி எறியுங்கள். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய் வந்தவர். ஒரே தேக்குப் பலகையில் அறுத்து மடக்கும்படி செய்த கட்டைதான் அவருக்குத் தலையணை. 86 வயதுவரை கழுத்துவலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. அதே மாதிரிக் கட்டையை இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் என்று கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விற்கிறார்கள். மெத்து மெத்தென்று கேட்பது உடம்பு இல்லை, விளம்பரம். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது.

தேவகோட்டை நுரை:
நித்திரை அறியாது, சரி. விடிந்ததும் கழுத்து அறிகிறதே, அண்ணே.

ஆச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். மெமரி ஃபோம் 1966இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காக, விமான இருக்கை மெத்தைக்கென்று உருவாக்கிய பொருள். உடம்புச் சூட்டுக்கு இளகி, தலையும் கழுத்தும் எப்படி வளைந்திருக்கின்றனவோ அப்படியே ஏந்திக்கொள்ளும். பஞ்சைப்போல ஒரு மூலையில் போய்க் கட்டி கட்டாது. 11 வருடப் பஞ்சில் எவ்வளவு தூசு, எவ்வளவு உண்ணி இருக்கும் என்று ஒரு தடவை உதறிப் பாருங்கள். அப்புறம் அதில் முகம் வைக்க மனம் வராது.

பள்ளத்தூர் இலவமரம்:
உதறிப் பார்ப்பது இருக்கட்டும். உடம்புச் சூட்டுக்கு இளகும் என்று நீங்களே சொன்னீர்கள். எங்கள் ஊர்ச் சித்திரைச் சூட்டில், மின்விசிறி நின்ற ராத்திரியில், அது என்ன ஆகும்? மகன் வாங்கிக் கொடுத்தான், படுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இளகியதோடு நிற்கவில்லை, சூட்டையும் உள்ளேயே வைத்துக்கொண்டது. பிடரி முழுக்க வியர்வை.

இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாக இருக்கும். அதற்குள் இருப்பதெல்லாம் காற்று. மேலே மெழுகுப் பூச்சு மாதிரி ஒன்று இயற்கையாகவே உண்டு, அதனால் ஈரம் சட்டென்று ஏறாது. கப்பலில் உயிர்காப்புச் சட்டைக்குள் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். வழுக்கிப் போவதால் நூல் நூற்க வராத பஞ்சு. அடைப்பதற்கென்றே பிறந்த பஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்ணிக்குப் பயந்தால் வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள், உறையை வெந்நீரில் துவையுங்கள். தலையணையைத் தண்ணீரில் முக்க மட்டும் வேண்டாம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று: கையில் தூக்கிப் பாருங்கள். இலவம்பஞ்சு கனக்காது. கனத்தால் உள்ளே மில் கழிவுப் பஞ்சு கலந்திருக்கிறது என்று பேசாமல் கீழே வைத்துவிடுங்கள். இலவம்பஞ்சுக்குப் பேர்போன போடியிலிருந்து வந்த சரக்கு என்று சொல்லி எனக்கே ஒரு முறை அப்படித் தலையில் கட்டினார்கள்.

எலும்பும் நரம்பும்:
நான் இயன்முறை சிகிச்சை செய்பவள். மூன்று பேரும் எதை அடைப்பது என்றே பேசுகிறீர்கள். ஆச்சி எழுதியதில் முக்கியமான வரி ஒன்று இருக்கிறது: கட்டிலில் படுத்தவரை இதே தலையணை தொந்தரவு செய்யவில்லை.

ஒருக்களித்துப் படுக்கும்போது தலைக்கும் படுக்கைக்கும் நடுவில் தோளின் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுகிறது. தலையணை நிரப்ப வேண்டியது அந்தப் பள்ளத்தை. மெத்தையில் தோள் அமுங்கிவிடும், பள்ளம் சிறிதாகிவிடும். கல்தரையில் பாய் போட்டால் தோள் ஒரு நூல்கூட இறங்காது. தலையணையோ அதே பழைய, படிந்துபோன தலையணை. தலை கீழே தொங்குகிறது, மேல்பக்கத்துத் தசை ராத்திரி முழுக்க இழுபடுகிறது. ஆக, மெத்தையிலிருந்து தரைக்கு இறங்கினால் ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தலையணை உயர வேண்டும். பலர் நேர்மாறாக நினைக்கிறார்கள்.

அளக்கும் முறை: சுவரில் தோள்பட்டை ஒட்டும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். தலையை நேராக வைத்து, காதுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். தலை வைத்து அமுங்கிய பிறகு தலையணை ஏறக்குறைய அந்த உயரம் இருக்க வேண்டும். கடையில் நிற்கும்போது இருக்கும் உயரம் கணக்கில் வராது. முழங்கால்களுக்கு நடுவில் இன்னொரு சின்னத் தலையணை வைத்தால் இடுப்பும் திருகாது.

மல்லாந்து படுப்பவருக்கு இதைவிடத் தாழ்வாகப் போதும், கழுத்து வளைவுக்கு மட்டும் ஒரு தாங்கல் வேண்டும். குப்புறப் படுப்பவர் மெல்லியதாக வைக்கலாம், வைக்காமலும் விடலாம். அந்தப் பழக்கத்தையே மாற்ற முடிந்தால் கழுத்துக்கு நல்லது. வலி தோளுக்கு இறங்கினாலோ விரல் மரத்தாலோ தலையணையை ஆராயாமல் மருத்துவரிடம் போங்கள்.

கட்டைத்தலை:
எங்கள் ஐயா சுவரில் நின்று அளந்ததில்லை, அம்மா.

எலும்பும் நரம்பும்:
அண்ணே, ஐயா எப்படிப் படுப்பார்? மல்லாந்தா, ஒருக்களித்தா?

கட்டைத்தலை:
மல்லாந்துதான். இரண்டு கையும் நெஞ்சில் கோத்தபடி. அதனால் என்ன?

எலும்பும் நரம்பும்:
மல்லாந்து படுப்பவரின் பிடரிக்குக் கீழே அந்தக் கட்டை சரியாக உட்கார்ந்திருக்கும். அவருக்குப் பொருந்தியது. ஒருக்களித்துப் படுக்கும் ஆச்சியின் காதுக்குக் கீழே தேக்கை வைத்தால் காதுமடல் என்ன ஆகும்? குறட்டை விடுவாரா?

கட்டைத்தலை:
மூன்றாம் கட்டுவரை கேட்கும். அது ஆண்பிள்ளைகளுக்கு உள்ளதுதான்.

எலும்பும் நரம்பும்:
மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியைக் குறுக்கும். குறட்டைக்காரர்களை ஒருக்களிக்கச் சொல்வது அதனால்தான்.

பணியாரப் பிரியன்:
குறுக்கே வருகிறேன். இரவு 10 மணிக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல். இரண்டு தலையணை அடுக்கிப் பார்த்தேன், கூடத்தான் செய்கிறது. திண்டில் சாயலாமா?

எலும்பும் நரம்பும்:
இரண்டு தலையணை அடுக்கினால் கழுத்து மடங்கி, வயிறும் மடங்கி, உள்ளே இருப்பது மேலேதான் வரும். உயர வேண்டியது தலை மட்டும் இல்லை, நெஞ்சும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு மட்டும் மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். திண்டு சாய்ந்து கணக்கு எழுத நல்லது, தூங்க அல்ல. பணியாரத்தை 7 மணிக்குச் சாப்பிட்டால் எந்த மரக்கட்டையும் வேண்டாம்.

பள்ளத்தூர் இலவமரம்:
அந்தக் கடைசி வரி அவர் காதில் விழாது.

பிறந்த குழந்தைக்குக் கடுகுத் தலையணை வைத்தால் தலை உருண்டையாக வரும் என்று அப்பத்தா தைத்துக் கொடுப்பார்கள். அதை யாரும் இங்கே குறை சொல்ல மாட்டீர்களே?

எலும்பும் நரம்பும்:
சொல்வேன். ஒரு வயது ஆகும்வரை குழந்தைக்கு எந்தத் தலையணையும் வேண்டாம். மூச்சு அடைக்கும் ஆபத்து. மல்லாக்கப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருந்து, குப்புறப் போட்டுப் பழக்கினால் தலை தட்டையாகாது.

பள்ளத்தூர் இலவமரம்:
எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேத்திக்கு வைக்கும் முன் மகளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

தேவகோட்டை நுரை:
உயரம்தான் கணக்கு என்றால் நுரைதானே ஜெயிக்கிறது? வாங்கிய அன்றைய உயரம் பல நாள் நிற்கும். பஞ்சு ஆறு மாதத்தில் படிந்துவிடும்.

பள்ளத்தூர் இலவமரம்:
படிந்தால் ஓரத்தைப் பிரித்து இரண்டு கைப்பிடி திணிக்கலாம், கூடினால் எடுக்கலாம். உங்கள் நுரையில் ஒரு அங்குலம் கூட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்.

வளவுவீட்டு மருமகள்:
அளந்தாயிற்று. மகள் ஸ்கேல் பிடித்தாள். காதுக்கும் சுவருக்கும் 13 செ.மீ. தலை வைத்த பிறகு தலையணை 6 செ.மீ.தான் நிற்கிறது. வித்தியாசத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமியாரின் பழைய கண்டாங்கிச் சேலைகளை மட்டமாக மடித்து அடியில் கொடுத்தேன். முதல் ராத்திரி நான்கு சேலை, கூடிவிட்டது, மூன்றில் நின்றது. இன்று மூன்றாவது காலை. கழுத்து முக்கால்வாசி திரும்புகிறது. பஞ்சு தைப்பவர் வந்ததும் மூன்று சேலை உயரத்துக்குத் திணிக்கச் சொல்லப்போகிறேன். ஐப்பசியில் மழை பிடித்துக் கட்டிலுக்குத் திரும்பினால் மறுபடி ஓரத்தைப் பிரித்துக் குறைக்க வேண்டும், அவ்வளவுதானே?

இதற்குள் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் மெமரி ஃபோம் வரவழைத்துவிட்டார். நேற்று ராத்திரி அதன்மேல் ஈரத்துண்டு விரித்துப் படுத்திருந்தார். சூடா என்று கேட்டால் இல்லை என்கிறார்.

கட்டைத்தலை:
திருப்பி அனுப்ப எத்தனை நாள் தவணை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், ஆச்சி.