மறு: ஸ்ட்ரெப் தொண்டை – தொடர்க்கோளமா, சங்கிலிக்கோளமா?

அன்புள்ள குழுவினருக்கு,

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குழந்தைகளைக் கூட்டிவரும் பெற்றோர் கையில் கொடுப்பது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டை நோய்க்குத் தமிழ்ப் பெயர் வரவேண்டிய இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

> சங்கிலி வடசொல். புறநானூறு 74இல் 'தொடர்ப்படு ஞமலி' (சங்கிலியில் கட்டிய நாய்) இருக்கும்போது நமக்கென்ன குறை? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் = தொடர்க்கோளம்.

ஐயா, அங்கே 'ப்' மிகுந்திருப்பதால் தொடர் பெயர்ச்சொல்தான்; வினைத்தொகை என்றால் வலி மிகாது. ஒப்புக்கொள்கிறேன். 1874இல் அறுவை மருத்துவர் பில்ரோத் வைத்த கிரேக்கப் பெயருக்கும் முறுக்கிய சங்கிலி, மணி என்றே பொருள். ஆனால் 'தொடர்' என்று பார்த்ததும் ஒரு தாய் நாள்பட்ட வலி என்றுதான் நினைப்பார். இதுவோ நேற்று ஓடியாடிய பிள்ளைக்கு இன்று திடீரென்று வருவது. காய்ச்சல் அடிக்கும், எச்சில் விழுங்கவே வலிக்கும், கழுத்தில் நெறி கட்டும். இருமல், மூக்கொழுகல் பெரும்பாலும் இருக்காது.

> தொண்டை அடைப்பான்?

வேண்டாம். அது டிப்தீரியா, தடுப்பூசி விளம்பரங்களில் வரும் பெயர்.

> சீழ்த்தொண்டை. இந்தக் கிருமியின் முழுப்பெயரில் வரும் பயோஜெனஸ் (pyogenes) என்றாலே சீழ் உண்டாக்குவது.

அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் வைரஸ் தொண்டைவலியிலும் டான்சில் மேல் வெள்ளை படியும். இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு டார்ச் அடித்து, வெள்ளையைக் கண்டதும் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற பாக்டீரியா மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். தொண்டையில் பஞ்சுக்குச்சி தடவிப் பரிசோதித்தால்தான் இது உறுதியாகும்.

இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. மருந்து தொடங்கிய இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும், வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். பென்சிலினோ அமாக்சிசிலினோ, 10 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். என் அக்கா மகனுக்கு அப்படித்தான் நின்றுபோனது. சில வாரம் கழித்து முழங்கால் வீங்கியது, அப்புறம் இதய வால்வில் கோளாறு என்றார்கள். அவர்கள் வீட்டு நாட்காட்டியில் 21 நாளுக்கு ஒரு வட்டம் இருக்கும், பென்சிலின் ஊசிக்காக. அவன் அதை எண்ணிக்கொண்டே வளர்ந்தான்.

அதனால் மருத்துவர் சொல்லும் பெயரையே வைத்து, 'ஸ்ட்ரெப் தொண்டைப்புண்' என்று போடுகிறேன். மூன்று பேர் சரி என்றிருக்கிறீர்கள். ஐயா இன்னும் உடன்படவில்லை. பாடநூலுக்குத் தொடர்க்கோளம் வரட்டும், அங்கே நானும் அவர் பக்கம்.

அவனுக்கு வந்தது போல, இந்தத் தொண்டைப்புண்ணுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ரூமாட்டிக் காய்ச்சலுக்கு 'மூட்டுவாதக் காய்ச்சல்' என்று எழுதியிருக்கிறேன். அதில் இதயம் மறைந்துவிடுவது உறுத்துகிறது. வேறு சொல் தோன்றினால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.