அபார்ட்மென்ட் பார்க்கிங்ல கார் சார்ஜிங் பாயிண்ட் போட விடமாட்டேங்குறாங்க, ரூல் என்ன சொல்லுது?

கோச்சடைக்காரன்:
வணக்கம், மதுரை கோச்சடைல 12 வீடு உள்ள அபார்ட்மென்ட், எனக்குன்னு பத்திரத்துலயே எழுதுன கார் பார்க்கிங் இருக்கு. எலக்ட்ரிக் கார் புக் பண்ணிட்டேன், 30 கிலோவாட் ஹவர் பேட்டரி, அடுத்த வாரம் வருது. கூட வர்ற சார்ஜருக்கு 15 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட் ஒன்னு போதுமாம். அசோசியேஷன்ல கேட்டா தீப்பிடிச்சிரும்ங்கிறாங்க, ஈபில பெர்மிஷன் வாங்கிட்டு வாங்கிறாங்க. தினமும் திருமங்கலம் போய்ட்டு வரணும், நைட்டு சார்ஜ் போட வழியில்லன்னா வண்டி வாங்கி என்ன பிரயோஜனம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருநகர் வாசி:
நம்ம வீட்டு கனெக்‌ஷன்லயே நம்ம வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கலாம்னு மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரிலயே வழிகாட்டுதல் போட்டிருக்கு, 2024ல திருத்தினதுலயும் அது இருக்கு. அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்துக் கையில குடுங்க. எல்லாருக்கும் பொதுவான மாடிப்படி லைட்டு, மோட்டார் ஓடுற காமன் சர்வீஸ் மீட்டர்ல மட்டும் தொட்றாதீங்க, சண்டை அங்கதான் ஆரம்பிக்கும்.

வயரிங் காண்ட்ராக்டர்:
தம்பி, அவங்க பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு, பழைய பில்டிங்ல ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ தொங்கவிட்டு சார்ஜ் போடுறத நானே பாத்திருக்கேன், மத்திய மின்சார ஆணைய பாதுகாப்பு விதில எக்ஸ்டென்ஷன் ஒயரே கூடாதுன்னு இருக்கு. ஒங்க மீட்டர் கீழ மீட்டர் போர்டுலதான இருக்கும், அங்கருந்து ஒங்க பார்க்கிங்குக்குத் தனி லைனா பைப்ல இழுங்க, வேற எந்த பாயிண்டும் அதுல சேக்காதீங்க. 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், தூரம் ஜாஸ்தின்னா 6 போட்ருங்க, ஏன்னா 3.3 கிலோவாட் லோடு ஒன்பது பத்து மணி நேரம் விடாம ஓடும், மிக்ஸி மாதிரி ரெண்டு நிமிசம் இல்ல. லோடு மீறுனா தானா ஆஃப் ஆகுற தனி எம்சிபி, கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, ரெண்டும் கட்டாயம். சாக்கெட் தரைலேருந்து 80 சென்டிமீட்டராவது மேல இருக்கணும், ஒங்க ஏரியா வைகைக்குப் பக்கம், மழைக்குத் தண்ணி நிக்கும்னா இன்னும் ஏத்தியே வைங்க.

எர்த்த மறந்துறாதீங்க. நம்மூரு சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சு எர்த் வீக் ஆயிரும், கார் சார்ஜே ஏத்தாம சிவப்பு லைட்டு காட்டும், ஆளுக சார்ஜர் போச்சுன்னு பதறுவாக. எர்த் குழிக்கு அப்பப்போ தண்ணி ஊத்துங்க.

கோச்சடைக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. செவுத்துல மாட்டுற வேகமான சார்ஜர், 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் போடலாமா? பில்லு எவ்வளவு ஏறும்?

வயரிங் காண்ட்ராக்டர்:
அது 32 ஆம்ப்ஸ் இழுக்கும், ஈபில லோடு கூட்ட எழுதிக் குடுக்கணும், த்ரீ பேஸ் இல்லன்னா இப்ப வேணாம். தினம் 40 கிலோமீட்டர்னா ஆறு ஏழு யூனிட், ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் பக்கம் வரும்.

திருநகர் வாசி:
அந்த 400அ வீட்டு யூனிட்டோட கூட்டிப் பாருங்க, ரெண்டு மாச பில்லுல 500 யூனிட் தாண்டிட்டா 101லேருந்து 200 வரைக்கும் உள்ள கம்மி ரேட்டு போயிரும். முதல் 100 ஃப்ரீ அப்பவும் உண்டு. எங்க வீட்ல ஏசியும் ஓடுறதால தாண்டத்தான் செய்யுது, ஆனாலும் பெட்ரோலுக்குக் குடுத்தது இதவிட ரொம்ப ஜாஸ்தி.

கோச்சடைக்காரன்:
சரிண்ணே, ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல ஒயரிங் படம் போட்டு எழுத்துலயே குடுக்குறேன். ரெண்டாவது மாடிக்காரரும் எலக்ட்ரிக் ஸ்கூட்டி வாங்கப் போறாராம், ரெண்டு பேருமா சேந்து கேக்குறோம்.