அணைத் தேக்கத்தில் படகு இறக்கும் சரிவு: நீர் வற்றினால் என்ன செய்கிறீர்கள்?

ஆற்றுத் தேக்கங்களில் படகு இறக்குபவர்களிடம் யோசனை வேண்டும். 14 அடி அலுமினியப் படகு, ஒற்றை அச்சு டிரெய்லர். சரிவு ஒரு வண்டி அகலம்தான். மதகைத் திறந்தால் நீர்மட்டம் மளமளவென்று இறங்கி, கான்கிரீட் முடியும் இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட நிற்பதில்லை. அதைத் தாண்டினால் பள்ளம். மோட்டாரை முடுக்கியே படகை டிரெய்லரில் ஏற்றுகிறார்களே, அந்த புரொப்பெல்லர் வீச்சு அரித்த பள்ளம்தான். சக்கரம் அதில் இறங்கினால் அச்சு கான்கிரீட் விளிம்பில் மாட்டிக்கொள்ளும்; அப்படியே முன்னால் இழுத்தால் அச்சு வளையும், இல்லையென்றால் ஸ்பிரிங் போகும்.

மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான். மேலேயே பின்பக்கப் பட்டையை அவிழ்த்து, வடிகால் அடைப்பானை முடுக்கி, விளக்கு ஒயரைக் கழற்றிவிடுகிறேன். சக்கரத்தின் நடுவே பேரிங் இருக்கும் ஹப் ஆறிய பிறகே தண்ணீரில் இறக்குகிறேன். சூட்டோடு இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். படகை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் வின்ச் கொக்கியைப் படகு மிதக்கும்வரை தொடுவதில்லை. படகு உருளைகள்மேல் உட்காரும் ரோலர் டிரெய்லர், கொக்கியை விட்டால் படகு கான்கிரீட்டிலேயே வழுக்கி விழும்.

கேட்க வேண்டியவை இவை:

கம்பால் குத்தி விளிம்பைக் கண்டுபிடித்து, அதற்கு நேராகக் கரையில் குறி வைத்தால் போதுமா? முன்சக்கரம் மாட்டிய டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றி, கயிற்றில் இறக்குவது ஒற்றை ஆளுக்குச் சரிவருமா? சக்கரம் விழுந்தேவிட்டால், படகை மிதக்கவிட்டு, அச்சுக்கடியில் பலகை கொடுத்துத் தூக்குவதைத் தவிர வேறு வழி உண்டா?

“இன்னும் கொஞ்சம் பின்னால் போ” என்று மட்டும் சொல்லாதீர்கள், அங்கேதான் பள்ளம்.