‘பூமிக்கு உப்பு’ பாராட்டா?

கோப்பாயான்: ஆட்களின் குணத்தை ஆங்கிலம் மாதிரி நாலு சொல்லில் சொல்லத் தமிழுக்கு வராது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதினார். உதாரணம் ‘சோல்ட் ஒஃப் தி ஏர்த்’, பூமியின் உப்பு. நேர்மையான நல்ல மனுசன் என்று அர்த்தமாம். எனக்கு மனம் ஆறவில்லை. உப்பாற்றுப் பக்கம் எங்கள் தோட்டம், கிணறு உவராகிவிட்டது. வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்ததைக் குந்தியிருந்து பார்த்தவன் நான். மண்ணில் உப்பு என்றால் நாசம். அதை நல்ல மனுசனுக்குச் சொல்வதா?

பருத்தித்துறை மாஸ்ரர்: எழுதினது நான்தான் தம்பி. அது தோட்டத்துக் கதை இல்லை. வேதாகமத்தில் மத்தேயு 5:13, இயேசுவின் மலைப் பிரசங்கம். கறிக்குச் சுவை தருகிற, மீனைப் பழுதாகாமல் காக்கிற உப்பு. கருவாடு தின்கிறவருக்கு இது விளங்கவேண்டும்.

கோப்பாயான்: அப்போ அது ஆங்கிலச் சொத்தே இல்லை. மலைப் பிரசங்கம் என்ன லண்டனிலா நடந்தது? ஆட்டுத்தோல் போர்த்த ஓநாயும் அதே மத்தேயு, 7:15. இரவல் நகையைக் காட்டி எங்களுக்குக் கழுத்தே இல்லை என்கிறீர்கள். தமிழ் வேதாகமத்திலும் ‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்’ என்றுதான் இருக்கிறது. இருந்தும் மண்ணில் உப்பு நாசம்தான்.

பருத்தித்துறை மாஸ்ரர்: இரவலோ சொந்தமோ, அவர்கள் வாயில் புழங்குகிறது. நீங்கள் யாரையாவது ‘பூமிக்கு உப்பு’ என்று புகழ்ந்து கேட்டதுண்டா?

அளவெட்டிப் பிள்ளை: மாஸ்ரர், எங்களிடமும் உப்பு இருக்கிறது. ‘சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா?’ என்று அம்மம்மா கேட்டால் சுருக்கென்று தைக்கும். எங்களுக்கு உப்பு என்றால் ரோசம், நன்றி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எதற்கு? அப்புறம் வைக்கல் பட்டடை நாய். தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. அவர்களுடைய ‘டோக் இன் த மேஞ்சர்’ அதே நாய்தானே.

கோப்பாயான்: பிள்ளை சொல்வது சோற்று உப்பு. நான் கேட்பது மண் உப்பு. ஆனையிறவு உப்பளத்தில் யாராவது நெல் விதைப்பார்களா?

நவாலி அண்ணை: வேதாகமத்தைத் தமிழாக்கப் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்றவர் எங்கள் ஆறுமுக நாவலர். 1850இல் அது அச்சில் வந்தது. அவருக்குத் தெரியாத தமிழா உங்களுக்குத் தெரியும்?

கோப்பாயான்: நாவலரை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள் அண்ணை? போன மாதம் கூழுக்கு என்ன மீன் போடுவது என்று கேட்டதற்கும் நாவலரைத்தான் கொண்டுவந்தீர்கள்.

நவாலி அண்ணை: அது நான் இல்லை. பழைய பதிவைப் போய்ப் பாரும்.

பருத்தித்துறை மாஸ்ரர்: உம்முடைய எழுத்துப்பிழையைப் பலர் முன்னால் திருத்திய நாளிலிருந்து உமக்கு என்மேல் கோபம். அதைச் சொல்லும். உப்பைச் சாட்டாதேயும்.

கோப்பாயான்: அது பிழையே இல்லை, இரண்டு விதமாகவும் எழுதலாம். கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இது வேறு. எங்கள் கிணற்றடிக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பூமிக்கு உப்பு நல்லது என்று சொல்லுங்கள்.

பருத்தித்துறை மாஸ்ரர்: நான் ஏன் வரவேண்டும்? 5:13ஐ இன்னொரு முறை வாசியும்.

கோப்பாயான்: வாசித்துவிட்டேன். மண்ணில் உப்பு நாசம்தான்.