ரெண்டு ஆர் காண்ட்ரைட் விண்கல்லும் ஒரே கல்லா? பேரிங் (ரெண்டும் ஒரே கல்லோட துண்டுகளான்னு பாக்குறது) பண்ண தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம் மக்களே, என்கிட்ட வடமேற்கு ஆப்பிரிக்காவுல கிடைச்ச விண்கல் ரெண்டு இருக்கு, வேற வேற ஆள்கிட்ட வாங்குனது. ஒண்ணு ஏற்கெனவே ஆர் காண்ட்ரைட்னு கிளாசிஃபை ஆகி என்டபிள்யூஏ (வடமேற்கு ஆப்பிரிக்கா) நம்பர் வாங்குனது, இன்னொண்ண இப்பதான் லேப்ல மைக்ரோப்ரோப் (கனிமத்துல என்னென்ன இருக்குன்னு அளக்குற கருவி) வச்சு பாத்தாங்க, ஆலிவின் கனிமத்துல ஃபயலைட் (அதுல இருக்குற இரும்பு வகையோட பங்கு) 39 மோல் சதவீதம் வருது, மெட்டல் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அப்போ இதுவும் அதே வகைதான். 1934ல கென்யாவுல விழுந்த ருமுருட்டி கல்லு பேர்ல வந்த குரூப், ரொம்ப அபூர்வம்.

சிக்கல் என்னன்னா இந்த குரூப்ல நெறய கல்லுக்கு ஃபயலைட் 37லேருந்து 40க்குள்ளதான் இருக்கும், அதனால நம்பர் ஒத்துப்போகுதுன்னு மட்டும் வச்சு ரெண்டும் ஒரே கல்லு உடைஞ்சு விழுந்ததுதான்னு சொல்லிட முடியாது, ஆக்சிஜன் ஐசோடோப் பாத்தாலும் அது குரூப்பத்தான் உறுதி பண்ணும்.

ஷாக் (மோதல்ல பட்ட பாதிப்பு), வெதரிங் (பூமியில சிதைஞ்ச அளவு), உள்ள இருக்குற பிரெக்சியா (உடைஞ்ச துண்டுகள் ஒட்டிக்கிட்ட) அமைப்பு எல்லாம் ஒத்துவந்தா போதுமா, இல்ல நோபிள் கேஸ் அளந்து விண்வெளில எவ்ளோ காலம் காஸ்மிக் கதிர் பட்டுச்சுன்னும் பாத்தே ஆகணுமா? டைப் ஸ்பெசிமனுக்கு (கிளாசிஃபை பண்ண ஆதாரமா எடுத்து வைக்குற துண்டு) வேற 20 கிராம் இல்லாட்டி மொத்த எடையில 20 சதவீதம், எது கம்மியோ அத குடுக்கணும், அதுக்கு மேலயும் வெட்ட மனசே வரல. ஆனா பேரிங் தப்பா போட்டா தனியா விழுந்த ஒரு கல்லு கணக்குலயே வராம போயிடும், அது நடக்கவே கூடாது.

ஆர் காண்ட்ரைட்ல இத செஞ்சவங்க யாராச்சும் இருந்தா எந்த டெஸ்ட்ல தெளிவு கிடைச்சுதுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.